எச்.ஐ.வி.யும் ரத்தத்தில் மிதக்கும் தூதுப் புரதங்களும்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நிலையைக் கணிக்க மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று, சிடி4 எண்ணிக்கை: ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சிடி4 வகை வெள்ளை அணுக்கள் எத்தனை என்பது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. மற்றொன்று, வைரல் லோடு: ஒரு மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) வைரஸின் ஆர்.என்.ஏ. பிரதிகள் எத்தனை என்பது. கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) ஒழுங்காக நடந்தால் இது 50க்குக் கீழே போய்விடும்.

இந்த இரண்டு எண்களுக்கும் பிடிபடாத சில விஷயங்கள் உண்டு. சரியான மருந்து வராத காலத்தில், கிட்டத்தட்ட ஒரே சிடி4 எண்ணிக்கையோடு தொடங்கிய இருவரில் ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் எய்ட்ஸ் நிலைக்குச் சரிந்தார். இன்னொருவர் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் தாக்குப்பிடித்தார். இப்போது, மருந்தால் வைரஸ் அடங்கியவர்களுக்கும் மாரடைப்பு போன்ற கோளாறுகள் அதே வயதுடைய மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. வைரஸின் அளவோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்வதுதான் காரணம்: அந்த வைரஸைக் கண்டு உடல் எவ்வளவு பதறுகிறது, எவ்வளவு காலம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தை ரத்தத்தில் அளந்து பார்க்க வழி செய்பவை நோயெதிர்ப்பு மண்டலத்தின் தூதுப் புரதங்கள்.

யார் யாருக்கு அனுப்பும் தூது

வெள்ளை அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் புரதங்கள் வழியாகத்தான். ஓர் அணு கிருமியை உணர்ந்ததும் சிறு புரதங்களைச் சுரந்து வெளியே விடும். அந்தப் புரதத்துக்குப் பொருந்தும் ஏற்பி எந்த அணுவின் மேல் இருக்கிறதோ, அது செய்தியை வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கும். இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். இன்டர்லூகின்கள் (ஐஎல்-6, ஐஎல்-7, ஐஎல்-10 என்று எண் போட்டு அழைப்பார்கள்), இன்டர்ஃபெரான்கள், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மற்ற அணுக்களைக் குறிப்பிட்ட இடத்துக்கு இழுத்துவரும் சைட்டோகைன்களுக்குக் கீமோகைன் என்று தனிப்பெயர் உண்டு. ஐபி-10, ரான்டெஸ் ஆகியவை அந்த ரகம்.

எச்.ஐ.வி. ஆய்வுகளில் அடிக்கடி வரும் வேறொரு ரகம், அணுவின் மேற்பரப்பிலிருந்து வெட்டுண்டு ரத்தத்தில் கலந்துவிட்ட ஏற்பிகள். இவற்றைக் கரைநிலை ஏற்பிகள் எனலாம்: கரைநிலை சிடி14, கரைநிலை சிடி163, கரைநிலை டிஎன்எஃப் ஏற்பிகள். ஏற்பியை ஏன் அளக்க வேண்டும், டிஎன்எஃப்பையே நேராக அளக்கலாமே என்று தோன்றும். சுரந்த டிஎன்எஃப் சில நிமிடங்களிலேயே எங்காவது ஒட்டிக்கொண்டோ சிதைந்தோ மறைந்துவிடும். ரத்தம் எடுக்கும் நேரத்தில் அகப்படுவது சொற்பம். அதன் தூண்டுதலில் உதிரும் ஏற்பியோ ரத்தத்தில் அதிக அளவில், அதிக நேரம் நிற்கும். அதனால்தான் டிஎன்எஃப்பின் செயல்பாட்டை அறிய விரும்புகிறவர்கள் பலரும் அதன் ஏற்பியை அளக்கிறார்கள்.

இவற்றின் விளைவாகப் பிறக்கும் பொருள்களும் பட்டியலில் சேரும். ஐஎல்-6 போய்ச் சொன்னதும் கல்லீரல் உற்பத்தி செய்யும் சிஆர்பி, ரத்தக்கட்டி கரையும்போது உதிரும் டி-டைமர், காமா இன்டர்ஃபெரானின் தூண்டுதலில் மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் அணுக்கள்) வெளியிடும் நியாப்டெரின். கறாராகப் பார்த்தால் டி-டைமர் எந்தத் தூதும் கொண்டுபோவதில்லை, நியாப்டெரின் ஒரு புரதமே அல்ல. ஆனாலும் எல்லா ஆய்வுகளிலும் இவை ஒரே அட்டவணையில்தான் உட்கார்ந்திருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று: சைட்டோகைன்கள் அக்கம்பக்கத்து அணுக்களுக்காகச் சுரக்கப்படுபவை. நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும்தான் உண்மையான பேச்சு நடக்கிறது. ரத்தத்தில் நாம் அளப்பது, மூடிய மண்டபத்துக்கு வெளியே நின்றால் காதில் விழும் இரைச்சலைப் போன்றது. உள்ளே கூட்டம் சூடேறியிருக்கிறதா என்று தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

முதல் நான்கு வாரங்கள்

வைரஸ் உடலுக்குள் நுழைந்து, ரத்தத்தில் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருக ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதுவரை ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. அதன்பின் வைரஸின் அளவு நாளுக்கு நாள் மடங்குகளாகப் பெருகி, மூன்று நான்கு வாரங்களில் உச்சத்தைத் தொடும்.

இந்தக் குறுகிய காலத்தில் எந்தப் புரதம் எப்போது எழுகிறது என்று பிடிப்பது கடினமாக இருந்தது. தொற்று ஏற்பட்ட அன்றே யாரும் ஆய்வகத்துக்கு வருவதில்லை. தொடர்ந்து பிளாஸ்மா தானம் செய்பவர்களின் சேமித்த மாதிரிகள் இதற்குக் கைகொடுத்தன. சில நாள்களுக்கு ஒருமுறை தானம் கொடுத்துவந்த ஒருவருக்கு இடையில் தொற்று ஏற்பட்டால், அதற்கு முந்தைய மாதிரிகளும் பிந்தையவையும் உறைபெட்டியில் வரிசையாக இருக்குமே. அந்த வரிசையை அளந்து 2009இல் வெளியான ஆய்வு ஒரு தெளிவான ஒழுங்கைக் காட்டியது. முதலில் ஆல்ஃபா இன்டர்ஃபெரானும் ஐஎல்-15ம் திடீரென்று எழுந்து சில நாள்களில் அடங்குகின்றன. கூடவே எழும் ஐபி-10 அடங்குவதில்லை, மேலேயே நிற்கிறது. அடுத்து டிஎன்எஃப், ஐஎல்-18, காமா இன்டர்ஃபெரான் ஆகியவை சற்று மெதுவாக ஏறுகின்றன. எல்லாவற்றையும் தணிக்கப் பார்க்கும் ஐஎல்-10 கடைசியாக வருகிறது.

இதே முறையில் ஹெபடைடிஸ் பி தொற்றின் தொடக்கத்தையும் அளந்தார்கள். அங்கே இப்படி ஒரு புயலே இல்லை. அந்த வைரஸைப் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடல் தானாகவே விரட்டிவிடுகிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: வைரஸை அடக்க இவ்வளவு பெரிய சைட்டோகைன் புயல் தேவையில்லை. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அந்தப் புயல் வைரஸுக்கே சில வழிகளில் உதவுகிறது.

உதவுவது எப்படி? ஐபி-10ஐ எடுத்துக்கொள்வோம். இன்டர்ஃபெரான் உத்தரவிட்டதும் பல வகை அணுக்கள் இதைச் சுரக்கும். இதன் வேலை, சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பி கொண்ட டி அணுக்களை (சிடி4 அணுக்களும் இவற்றில் ஒரு வகை) தொற்று நடக்கும் இடத்துக்கு வரவழைப்பது. வேறு வைரஸாக இருந்தால் இது சரியான உத்தி. எச்.ஐ.வி. குடியேறுவதே அந்தச் சிடி4 டி அணுக்களில்தான் என்பதால், கூப்பிட்டு வந்தவர்களே புதிய இரையாகிறார்கள். தொற்றின் தொடக்கத்தில் ஐபி-10 மிக அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சிடி4 வேகமாகச் சரிந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்கணிப்புக் குறியீடாக ஐபி-10 பெயர் வாங்கியது இதனால்தான்.

டிஎன்எஃப் இன்னும் நேரடியாக உதவுகிறது. அது ஓர் அணுவைத் தொட்டால், உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்து அணுவின் கருவுக்குள் போகும். அங்கே அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். எச்.ஐ.வி. தன் மரபணுத் தொடரின் முனையில் அதே புரதம் ஒட்டும் இடங்களை வைத்திருக்கிறது. அணு தன்னைத் தயார்ப்படுத்த அழுத்தும் அதே பொத்தான் வைரஸின் நகலெடுப்பையும் தொடங்கிவைக்கும்.

எல்லாத் தூதும் வைரஸுக்குச் சாதகம் என்று நினைத்துவிட வேண்டாம். ரான்டெஸ், எம்ஐபி-1 ஆல்ஃபா, எம்ஐபி-1 பீட்டா ஆகிய மூன்று கீமோகைன்களும் எச்.ஐ.வி.யைத் தடுக்கின்றன என்று 1995இல் தெரியவந்தது. காரணம் அடுத்த ஆண்டே விளங்கியது: இவை மூன்றும் ஒட்டும் சிசிஆர்5 ஏற்பிதான் வைரஸ் உள்ளே நுழையத் தேவைப்படும் இரண்டாவது கதவு. கதவில் கீமோகைன் உட்கார்ந்துவிட்டால் வைரஸுக்கு இடமில்லை. மராவிராக் என்ற மருந்து பின்னர் இந்த ஏற்பியைக் குறிவைத்துத்தான் வந்தது.

அடங்காத அழற்சி

புயல் ஓய்ந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு அழற்சி கனன்றுகொண்டே இருப்பதற்குக் குடல் ஒரு பெரிய காரணம். உடலின் சிடி4 அணுக்களில் பெரும்பகுதி ரத்தத்தில் இல்லை. குடலைச் சுற்றியுள்ள நிணநீர்த் திசுவில்தான் இருக்கிறது. தொற்றின் முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள அணுக்கள் பெருமளவு அழிகின்றன. குடல் சுவரைக் காவல்காத்துச் செப்பனிட உதவும் டிஎச்17 வகை அணுக்களும் அதில் போய்விடும். சுவர் கசியத் தொடங்கினால், குடல் பாக்டீரியாவின் உறைத் துணுக்குகள் ரத்தத்துக்குள் வருகின்றன. 2006இல் இந்தக் கசிவு அளந்து காட்டப்பட்டபோதுதான், வைரஸ் குறைவாக இருக்கும்போதும் அழற்சி ஏன் நீடிக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் கிடைத்தது.

பாக்டீரியாத் துணுக்கைக் கண்டதும் மோனோசைட் என்ற வெள்ளை அணு தன் மேலிருக்கும் சிடி14 ஏற்பியை உதிர்க்கும். ரத்தத்தில் கரைநிலை சிடி14 கூடினால், மோனோசைட்டுகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். கல்லீரலும் இதைச் சுரக்கும் என்பதால், 'குடல் கசிவு இவ்வளவு' என்று இதை வைத்து நேராகக் கணக்குப் போட முடியாது. கரைநிலை சிடி163 மோனோசைட், மேக்ரோஃபேஜ் இவற்றிலிருந்து மட்டுமே வருவதால் அதன் பொருள் சற்றுத் தெளிவு. இதயத் தமனிகளில் படியும், இன்னும் கால்சியம் ஏறிக் கெட்டியாகாத மென்படிவுகளோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

இந்தக் குறியீடுகளின் எடை எவ்வளவு என்று உலகுக்குக் காட்டியது ஸ்மார்ட் என்ற பெரிய மருத்துவச் சோதனை. 5472 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழு மருந்தை விடாமல் சாப்பிட்டது. மறு குழு, சிடி4 350க்கு மேல் இருந்தால் மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே வந்தால் மீண்டும் தொடங்கியது. பக்கவிளைவு குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்ட குழுவில் மரணம் கூடியது. எய்ட்ஸ் நோய்களோடு இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் கூடின. 2006இல் அந்த உத்தியைக் கைவிட்டார்கள். பிறகு சேமித்த ரத்தத்தை எடுத்து அளந்தபோது, தொடக்கத்திலேயே ஐஎல்-6, டி-டைமர் இரண்டும் அதிகமாக இருந்தவர்களுக்கு மரண அபாயம் பல மடங்கு என்று தெரிந்தது. மருந்தை நிறுத்திய ஒரே மாதத்தில் இந்த இரண்டும் ஏறியிருந்தன. அதாவது, சிடி4 'பாதுகாப்பான' அளவில் இருக்கும்போதே ரத்தம் எச்சரித்துக்கொண்டிருந்தது.

ஐஎல்-6ம் டி-டைமரும் சேர்ந்தே ஏறுவது தற்செயல் அல்ல. ஐஎல்-6 கல்லீரலிடம் ரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜனையும் கூடுதலாகக் கேட்கிறது. தூண்டப்பட்ட மோனோசைட்டுகள் உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதத்தைத் தங்கள் மேல் ஏந்துகின்றன. சிறு சிறு கட்டிகள் உருவாகிக் கரைய, கரைந்ததன் துணுக்கு டி-டைமராகத் தெரிகிறது.

பதற்றம்தான் கெடுக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று குரங்குகளிடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபே குரங்குகளின் உடலில் எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. ஆயுள் முழுவதும் பெரிய அளவில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் எழுகிறது. சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. குடல் சுவரும் குலையாமல் நிற்கிறது. அதே வைரஸை ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினால் அழற்சி அடங்காது, நோய் முற்றுகிறது.

எண் ஏறினால் என்ன பொருள்

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குகிறார்கள். எல்லாக் குறியீடுகளின் ஏற்றத்துக்கும் ஒரே பொருள் கிடையாது.

ஐஎல்-7 நல்ல எடுத்துக்காட்டு. நோய் முற்ற முற்ற ரத்தத்தில் இது ஏறும். ஆனால் இது அழற்சிப் புரதம் அல்ல. டி அணுக்கள் உயிர்வாழத் தேவையான ஊட்டச் செய்தி. நிணநீர்க் கணுவின் சட்டகத்தில் உள்ள அணுக்கள் இதைத் தொடர்ந்து சுரக்கின்றன, டி அணுக்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. டி அணுக்கள் குறைந்துபோனால் எடுத்துக்கொள்ள ஆளில்லை, தேங்குகிறது. இங்கே ஏற்றம் காட்டுவது வெற்றிடத்தை. ஐஎல்-6 ஏற்றத்தையும் ஐஎல்-7 ஏற்றத்தையும் ஒரே கூடையில் போட்டு 'அழற்சி கூடியிருக்கிறது' என்று எழுதுவது தவறு.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் வேறு மாதிரி. கரு உள்ள எல்லா அணுக்களின் மேற்பரப்பிலும் இருக்கும் இந்தச் சிறு புரதம், அணுக்கள் வேகமாகப் பெருகிச் சாகும்போது ரத்தத்தில் கூடும். வைரல் லோடு பரிசோதனை பரவலாக வருவதற்கு முன், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இதுவும் நியாப்டெரினும்தான் சிடி4க்குத் துணையாக நின்ற முன்கணிப்புக் குறியீடுகள். ஆனால் இதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் மந்தமானால் அழற்சி சற்றும் கூடாமலே இந்த எண் ஏறும். டெனோஃபோவிர் டிசோப்ராக்ஸில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் இதைப் படிக்கக் கூடாது.

ஒரு குறியீடு நோயை முன்கூட்டிச் சொல்கிறது என்பதால் அதை மாற்றினால் நோயும் மாறும் என்று பொருளாகாது. இதற்கு ஐஎல்-2 அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. டி அணுக்களைப் பெருகவைக்கும் இந்தச் சைட்டோகைனையே ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிடி4 எண்ணிக்கை உண்மையாகவே ஏறியது, அதுவும் கணிசமாக. எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2009இல் வந்தபோது, ஊசி போட்டவர்களுக்கு நோயோ மரணமோ குறையவில்லை. தாளில் எண் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

சிகிச்சைக்குப் பின் எது எவ்வளவு இறங்கும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. வைரஸோடு நெருக்கமாக ஆடும் ஐபி-10 மருந்து தொடங்கியதும் நன்றாக இறங்கும். டி-டைமரும் குறையும். ஐஎல்-6, கரைநிலை சிடி14 இரண்டும் பிடிவாதக்காரர்கள். வைரஸ் அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தொற்றில்லாதவர்களைவிடச் சற்று உயர்வாகவே நிற்பது வழக்கம். தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே சிகிச்சை தொடங்கியவர்களிடம் இந்த மிச்சம் குறைவாக இருக்கிறது.

அளக்கும் இடத்தில் நடப்பவை

இந்தப் புரதங்களை அளப்பதில் பாதிப் பிழை இயந்திரத்துக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ரத்தம் எடுத்த குழாய் மேசையில் கிடக்கும் நேரத்தில் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ பட்டதில் தூண்டப்பட்டு ஐஎல்-8 போன்றவற்றைச் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் எடுத்து மாலையில் பிரித்த குழாயில் தெரிவது நோயாளியின் அளவா, குழாயின் அளவா என்று சொல்ல முடியாது.

அதனால் நடைமுறை இப்படிப் போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் நான்கு மணி நேரத்துக்குள், மையவிலக்கியில் 1000 முதல் 2000 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சுழற்ற வேண்டும். மேலே தெளிந்த பிளாஸ்மாவை எடுக்கும்போது அடியிலுள்ள வெண்படலத்துக்கு மேல் சிறிது விட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் தட்டணுக்களும் கூடவே வரும். ரான்டெஸ் போன்றவற்றை அளப்பதாக இருந்தால் 10,000 ஜி விசையில் இன்னொரு முறை 10 நிமிடம் சுழற்றி மிச்சத் தட்டணுக்களையும் நீக்குவது நல்லது. பிறகு சிறு குழாய்களில் அரை மில்லி லிட்டர் அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சிறு குழாய்கள் எதற்கு என்றால், ஒரு மாதிரியை உருக்கி மீண்டும் உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் சில புரதங்கள் சிதையும். ஒரு குழாயை ஒரே ஒரு முறை உருக்குவதே உத்தமம்.

பிளாஸ்மாவா, சீரமா என்ற கேள்வி சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. சீரம் கிடைக்க ரத்தம் உறைய வேண்டும். உறையும்போது தட்டணுக்கள் தங்கள் பையிலிருந்து ரான்டெஸ், டிஜிஎஃப்-பீட்டா, கரைநிலை சிடி40 லிகண்ட் ஆகியவற்றைக் கொட்டும். சீரத்தில் அளந்த ரான்டெஸ் பெரும்பாலும் தட்டணுவின் கதைதான். ஓர் ஆய்வின் சீரம் எண்ணை இன்னோர் ஆய்வின் பிளாஸ்மா எண்ணோடு ஒப்பிட்டு 'முரண்' என்று சொல்வது இந்தத் துறையில் நிறைய நடந்திருக்கிறது. உறைவதைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் உள்ள குழாய் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: அது சில கீமோகைன்களோடு ஒட்டிக்கொள்ளும், அதே மாதிரியில் வைரல் லோடு பார்க்க நினைத்தால் பிசிஆர் வேதிவினையையும் கெடுக்கும். வைரஸைச் செயலிழக்கச் செய்ய 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கும் பழைய வழக்கமும் சில புரதங்களின் அளவை மாற்றிவிடும்.

அளக்கும் முறை பெரும்பாலும் எலிசா. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில், தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி முன்பே ஒட்டப்பட்டிருக்கும். வழக்கமாக 100 மைக்ரோ லிட்டர் மாதிரியை ஊற்றி ஊறவைத்தால் புரதம் பிடிபடும், மற்றவை கழுவும்போது போய்விடும். அதே புரதத்தின் வேறோரிடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, பிறகு அதில் ஒட்டும் நொதி, பிறகு டிஎம்பி என்ற சாயப்பொருள். குழி நீலமாகும். கந்தக அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சளாகும். 450 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சளின் அடர்த்தியை இயந்திரம் படிக்கும். தெரிந்த அளவுகள் கொண்ட எட்டுக் குழிகளிலிருந்து ஒரு வளைகோடு வரைந்து, மாதிரியின் அளவை அதிலிருந்து கணக்கிடுவார்கள். ஒரே நேரத்தில் பத்து இருபது புரதங்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு நிறச்சாயம் ஏற்றிய நுண்மணிகளைப் பயன்படுத்தும் லுமினெக்ஸ் முறை இருக்கிறது. மாதிரி குறைவாகப் போதும். ஆனால் மிகக் குறைந்த அளவுகளில் நல்ல எலிசா அளவுக்கு நம்பிக்கை தராது.

எங்கே தவறும்? கழுவுவது போதாவிட்டால் எல்லாக் குழியும் மஞ்சள் பூக்கும். தட்டின் ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட வேகமாகச் சூடேறியும் உலர்ந்தும் எண்ணைக் கோணலாக்கும். நோயாளியின் ரத்தத்தில் உள்ள முடக்குவாதக் காரணி போன்ற ஆன்டிபாடிகள், புரதமே இல்லாமல் இரண்டு ஆன்டிபாடிகளையும் பாலம்போல் இணைத்துப் பொய்யான ஏற்றம் காட்டலாம். இன்னொன்று அளவுகோல். ஐஎல்-6 ஒரு மில்லி லிட்டரில் சில பிகோகிராம். கரைநிலை சிடி14 சில மைக்ரோகிராம். ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. முதலாவதை நேராக ஊற்றலாம். இரண்டாவதைப் பல நூறு மடங்கு நீர்க்காமல் ஊற்றினால் வளைகோட்டின் உச்சிக்கு மேலே போய் நிற்கும். நீர்த்த மடங்கைக் கடைசிக் கணக்கில் பெருக்க மறந்துவிடுவதும் நடக்கிற கூத்துதான்.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் ஊற்றுவது கட்டாயம் எனலாம். இரண்டுக்கும் வேறுபாடு 15 சதவீதத்தைத் தாண்டினால் மீண்டும் ஓட்டுங்கள். ஒருவரின் வெவ்வேறு காலத்து மாதிரிகளை ஒரே தட்டில், ஒரே நாளில் அளந்தால் தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடு உங்களை ஏமாற்றாது. முடிவுகளை வெறும் சராசரியாகப் போடாமல் மடக்கையாக மாற்றித்தான் ஆராய்வார்கள். பெரும்பாலோருக்கு 2, 3 என்று இருக்கும்போது ஒருவருக்கு 80 வந்தால் சராசரி அவர் பக்கம் சாய்ந்துவிடும். 'ஐஎல்-6 இரட்டிப்பானால் அபாயம் இத்தனை கூடும்' என்று ஆய்வுகள் எழுதுவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதைப் பார்ப்பதில்லை

ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு, தனி ஒருவரிடம் காணாமல் போய்விடும். ஐஎல்-6 காலைக்கும் மாலைக்கும் மாறும். நன்றாக உடற்பயிற்சி செய்த பிறகு ஏறும். சளி, ஈறு வீக்கம், தடுப்பூசி, புகைப்பழக்கம் எல்லாமே ஏற்றும். உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே இதைச் சுரக்கும். வயது கூடினால் கூடும். காசநோய், ஹெபடைடிஸ் சி போன்ற உடன்தொற்றுகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் 'ஐஎல்-6 இவ்வளவு, ஆகவே எச்.ஐ.வி. முற்றுகிறது' என்று ஒருவரிடம் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

கேள்வியே மாறிவிட்டது என்பதும் ஒரு காரணம். முன்பு முன்கணிப்புக் குறியீடுகளைத் தேடியது, யாருக்கு எப்போது மருந்து தொடங்குவது என்று தீர்மானிக்க. சிடி4 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவது நல்லது என்று ஸ்டார்ட் சோதனை காட்டியது; 2015இல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று பரிந்துரைத்தது. யார் வேகமாகச் சரிவார் என்று காத்திருந்து பார்க்கும் தேவையே போயிற்று. இன்று இந்தப் புரதங்களைத் துரத்துகிறவர்கள் கேட்பது வேறு: வைரஸ் அடங்கிய பிறகும் யாருடைய இதயத்துக்கு ஆபத்து, அதை எந்த மருந்து குறைக்கும்? 2023இல் வெளியான ரிப்ரீவ் சோதனையில், எச்.ஐ.வி. உள்ள 7769 பேரில் தினமும் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாட்டின் சாப்பிட்ட குழுவுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. வழக்கமான கணக்கில் இதய அபாயம் அதிகமில்லை என்று கருதப்பட்டவர்கள் அவர்கள்.

மருத்துவமனைவரை வந்துவிட்ட குறியீடு ஒன்று உண்டு. அது பழைய, மலிவான சிஆர்பி. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற எல்லையோடு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எல்லையைத் தாண்டினால் காசநோய் என்று பொருளில்லை. சளியை எடுத்து முறையான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள்.

யாராவது ஒரு முழுப் பரிசோதனைத் தொகுப்பில் ஐஎல்-6 எண்ணையும் சேர்த்து வாங்கிவந்து அது அதிகம் என்று கவலைப்பட்டால், பார்க்க வேண்டிய வரிசை இது: சமீபத்தில் காய்ச்சலோ பல் தொல்லையோ இருந்ததா, காசநோய்க்கான அறிகுறி உண்டா, வைரல் லோடு அடங்கியிருக்கிறதா, மருந்து விட்டுப்போகிறதா, புகைப்பழக்கம், எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எப்படி. இவற்றில் எதுவும் சிக்காவிட்டால், உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், சில வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே வகைக் குழாயில், முடிந்தால் அதே நேரத்தில் ரத்தம் கொடுத்து மறுபடி பார்க்கலாம்.